சோலார் கேள்விகள்: பம்பு வாங்குமுன் ஊற்றை அளவுங்கள்

கரண்ட் போனால் கூரையில் உள்ள சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா? (கிளிநொச்சி)

பழுதில்லை. பற்றரி இல்லாமல் லைனோடு இணைத்த இன்வேட்டர், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானாக நிற்கும். பனலின் கரண்ட் லைனில் பாயாமல் தடுத்து, கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. அதில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

எத்தனை பனல் போட வேண்டும்? (மாங்குளம்)

வீட்டுக்கா, தோட்டத்துக்கா? மாதம் எத்தனை யூனிற்? ஒன்றுமே எழுதவில்லை. இப்படிப் போய்க் கேட்டால் கடையில் கிடப்பதைத்தான் உங்கள் தலையில் கட்டுவார்கள். ஒரு கிலோவாட் மாதம் சுமார் 120 யூனிற் தரும், மாரியில் குறையும். மாத பில்லில் உள்ள யூனிற்றை 120ஆல் வகுத்துப் பாருங்கள், எத்தனை கிலோவாட் என்று தெரியும்.

பழைய லொறி பற்றரியை சோலாருக்குப் போடலாமா? (நெடுங்கேணி)

வேண்டாம்.

ஒரு ஏக்கரில் மிளகாயும் கச்சானும். மண்ணெண்ணெய் பம்பை விட்டு சோலாருக்கு மாறவா? (விசுவமடு)

மாறுங்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே அறிவிப்பில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு லீற்றர் எரிந்தால் இரண்டரை கிலோ காபனீரொட்சைட்டு வேறு.

ஆனால் கிணற்றின் ஊற்றை அளந்தீர்களா? எண்ணெய்க்குக் காசு போனபோது அளவாக இறைத்தோம். இப்போது செலவில்லை என்று காலையிலிருந்து பொழுதுபடும் வரை ஓட விடுகிறார்கள். பம்பு புத்தம் புதிதாக நிற்க, ஆவணியில் கிணறு வற்றிக் கிடந்த இரண்டு தோட்டங்களை நானே பார்த்தேன். விற்றவர் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். கரையோரத்தில் இதைவிட மோசம். அங்கே நன்னீர் உப்பு நீரின்மேல்தான் நிற்கிறது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் உப்பு நாற்பது அடி வரை மேலேறலாம் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. உவரான கிணறு லேசில் திரும்பாது.

அளப்பது சுலபம். ஆவணியில் ஒருநாள் மாலை கிணற்றை இறைத்துவிட்டு, விடிய எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று பாருங்கள். 12 அடி விட்டக் கிணற்றில் 3 அடி என்றால் கிட்டத்தட்ட பத்தாயிரம் லீற்றர். பம்பை அதற்கேற்ற அளவில் எடுங்கள். பற்றரிக்குப் போடும் காசில் தொட்டி கட்டி, சொட்டு நீர்ப்பாசனம் போடுங்கள்.

மன்னாரில் இத்தனை காற்றாலைகள் இருக்க, நிலக்கரி எதற்கு? (முருங்கன்)

தம்பபவனியின் 30 காற்றாலைகளும் சேர்ந்து சுமார் 100 மெகாவாட், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 900. காற்றும் தென்மேற்குப் பருவத்தில் வீசுவதுபோல் ஆண்டு முழுக்க வீசாது. சேமிப்பு வசதி பெருகாமல் நிலக்கரியை விட முடியாது.

ஏழை நாடான நாம் காபனைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? (முல்லைத்தீவு மாணவி)

நல்ல கேள்வி, பிள்ளை. நம் நாட்டில் தலைக்கு ஆண்டுக்கு ஒரு தொன் காபனீரொட்சைட்டு அளவுதான். உலகச் சராசரி நாலரைக்கு மேல். ஆனால் நாம் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் டொலர் கொடுத்து வாங்குபவை. 2022இல் டொலர் தீர்ந்ததும் உழவு இயந்திரம், படகு, பஸ் எல்லாம் எண்ணெய் வரிசையில் நின்றன. வெயிலுக்கும் காற்றுக்கும் அந்த வரிசை இல்லை.

குழாய்க்கிணற்றுக்கு மூன்று குதிரைவலு சோலார் பம்பு மலிவாக வருகிறது. வாங்கவா? (பூநகரி)

உங்கள் ஊர் கரையோரமும்கூட. ஊற்றை அளந்துவிட்டு எழுதுங்கள்.