பொழுதுபோக்காக கேம் செய்ய எந்த எஞ்சின் நல்லது? போக்கிமான் ஃபேன் கேமில் தொடங்கலாமா?

நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் எந்த எஞ்சின் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) ஓடும்? முதல் கேமாகவே போக்கிமான் ஃபேன் கேம், அதாவது போக்கிமானின் பெயரையும் கதாபாத்திரங்களையும் எடுத்து ரசிகராக நாமே செய்யும் கேம், செய்யலாமா? செய்தால் பிற்பாடு போக்கிமான் உரிமையாளர்களில் ஒருவரான நிண்டெண்டோவால் தொல்லை வருமா? கடைசிக் கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டையும் முடிவு செய்வது சுலபம்.

2016 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், இரண்டு ஃபேன் கேம்கள் வெளிவந்தன. ஒன்று ஏஎம்2ஆர். 1991இல் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் வந்த நிண்டெண்டோவின் மெட்ராய்ட் 2 கேமைப் புதிதாக வரைந்து, புதிதாக எழுதிச் செய்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த மில்டன் குவாஸ்டி கேம்மேக்கர் என்ற எஞ்சினில் ஏறத்தாழ பத்து வருடம் உழைத்து, மெட்ராய்டின் 30ஆம் ஆண்டு நிறைவன்று இலவசமாக வெளியிட்டார். ஓரிரு நாளிலேயே நிண்டெண்டோவின் பதிப்புரிமை நோட்டீஸ் வந்து டவுன்லோட் இணைப்புகள் காணாமல் போயின. இன்னொன்று போக்கிமான் யுரேனியம். ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி என்ற எஞ்சினில் ஒன்பது வருட வேலை. சில நாட்களுக்குள் 15 லட்சம் முறைக்கு மேல் டவுன்லோட் ஆனது. நோட்டீஸ்கள் வந்ததும் செய்தவர்களே அதை நீக்கிவிட்டார்கள். போக்கிமான் ஃபேன் கேம் செய்பவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் போக்கிமான் எசென்ஷியல்ஸ் என்ற தொகுப்பின் விக்கியும் 2018இல் இதே போல நோட்டீஸ் வந்து மூடப்பட்டது. காசு வாங்காமல் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன எதற்கும் யாரும் காசு கேட்கவில்லை.

எல்லாக் கம்பெனியும் இப்படி நடந்துகொள்வதில்லை. சோனிக் ஃபேன் கேம்களை சேகா பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அப்படி ஃபேன் கேம் செய்துகொண்டிருந்த ஆஸ்திரேலியர் கிறிஸ்டியன் வைட்ஹெட்டை அழைத்து வேலை கொடுத்தது. 2017இல் வந்த சோனிக் மேனியா அவரும் அவரைப் போன்ற ரசிகர்களும் சேர்ந்து செய்த அதிகாரபூர்வ கேம். 2012இல் சிங்கப்பூர் ரசிகர் ஒருவர் செய்த ஸ்ட்ரீட் ஃபைட்டர், மெகா மேன் கலவையை கேப்காம் தானே இலவசமாக வெளியிட்டது. ஆனால் நீங்கள் பிடித்திருப்பது போக்கிமான். அதில் சேகாவின் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது.

அதற்காக ஃபேன் கேமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குவாஸ்டியின் கேம் நீக்கப்பட்ட பிறகு, அதைப் பார்த்த மூன் ஸ்டூடியோஸ் என்ற கேம் கம்பெனி அவரை லெவல் டிசைனராக எடுத்துக்கொண்டது. 2020இல் வந்த ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸில் அவருடைய வேலை இருக்கிறது. பெயரும் கதாபாத்திரமும் அடுத்தவருடையது, கைக்கு வந்த தொழில் அவருடையது. ஆகவே என் பதில் இது: தாராளமாகப் பிடித்த கேமைப் பார்த்துச் செய்யுங்கள், ஆனால் அந்தப் பெயரையும் படங்களையும் என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றிவிட முடிகிற மாதிரி செய்யுங்கள். எஞ்சினையும் அதே கண்ணோடு பார்த்து எடுங்கள்.

இதை நான் தெரிந்துகொள்ள நாளானது. எனக்கு ஈரோடு பக்கம் ஒரு கிராமம். சின்ன வயதில் மாமா வீட்டில் கேசட் போடும் டிவி கேம் இருந்தது. முழுப் பரீட்சை லீவு முழுக்க நானும் மாமா பையனும் ஆளுக்கொரு கண்ட்ரோலரோடு காண்ட்ரா ஆடுவோம். உடம்பில் ஒரு குண்டு பட்டால் போச்சு. ‘எஸ்’ எழுத்தை எடுத்துவிட்டால் துப்பாக்கியில் இருந்து ஐந்து குண்டு விசிறி மாதிரி விரியும். அதை யார் எடுப்பது என்று எங்களுக்குள் சண்டையே நடக்கும். வேலைக்குப் போய் சொந்தமாக லேப்டாப் வாங்கியதும் நான் முதலில் திறந்தது காண்ட்ரா ஃபேன் கேம் ஃபைலைத்தான். எட்டு லெவல், எட்டு பாஸ் (லெவல் முடிவில் வரும் பெரிய எதிரி), இரண்டு பேர் ஆடும் வசதி, எல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன்.

மூன்று வருடம் ஆகியும் முதல் லெவல் முடியவில்லை. முதலில் கேம்மேக்கர், அப்புறம் யூனிட்டி, அப்புறம் கோடோ என்று எஞ்சின் எஞ்சினாக மாறினேன். ஒவ்வொரு முறையும் ஓடுவது, தாவுவது, சுடுவது எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதினேன். எஞ்சின் சரியில்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் பாஸ் சண்டை எழுத வேண்டிய இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு வழி தெரியாமல் போனது, வேறு எஞ்சினுக்கு ஓடினேன்.

ஆனால் அந்த மூன்று வருடம் நகல் எடுத்ததில்தான் எனக்குத் தொழில் பிடிபட்டது. உதாரணத்துக்குத் தாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மரியோவில் பட்டனை அழுத்திப் பிடித்தால் உயரத் தாவும், சட்டென்று விட்டால் குட்டையாகத் தாவும். காண்ட்ராவில் எப்படி அழுத்தினாலும் ஒரே உயரம்தான், ஆனால் காற்றில் இருக்கும்போதே திரும்பிவிடலாம். இரண்டையும் விரல் அறியும், வாயால் சொல்லத் தெரியாது. நான் ஆடுவதைப் பதிவு செய்து, பிரேம் பிரேமாக (வீடியோவின் ஒவ்வொரு படமாக) நகர்த்திப் பார்த்து, மேலே போக எத்தனை பிரேம், கீழே வர எத்தனை என்று எண்ணி எழுதினேன். 2018இல் வந்த செலஸ்ட் கேமில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில பிரேம் வரை தாவ விடுவார்கள். ஆடுபவருக்கு அது தெரியவே தெரியாது, கேம் நம் பேச்சைக் கேட்கிறது என்று மட்டும் தோன்றும். இப்படிப்பட்ட நுணுக்கம் எல்லாம் சொந்தமாக யோசித்து வராது. பிடித்த கேமைப் பிரித்துப் பார்த்துத்தான் வரும். கேம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை ஏற்கனவே கையில் இருப்பதால், எப்படிச் செய்வது என்பதில் மட்டும் மனதை வைக்கலாம். ஃபேன் கேமின் பெரிய லாபம் அதுதான்.

ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ராத்திரி அப்பாவோடு மக்காச்சோளக் காட்டில் பன்றிக் காவலுக்குப் பரணில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் காட்டுப்பன்றியும் மயிலும் படுத்தும் பாடு விவசாயிகளுக்குத் தெரியும். அங்கே வைத்துத்தான் என் கேம் மாறியது. ராணுவ வீரனுக்குப் பதில் காவல்காரி, துப்பாக்கிக்குப் பதில் கவண், ஐந்து குண்டுக்குப் பதில் ஒரே வீச்சில் ஐந்து கல். வள்ளி தினைப்புனம் காத்த கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, பரணும் கவணும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாவல் எண்கள் அப்படியே இருந்தன, புரோகிராம் கோடில் கால்வாசி கூட மாற்றவில்லை. ஒரே திரை, ஒரே காடு, விடியும் வரை காக்க வேண்டும். நான்கு மாதத்தில் முடித்து, சொந்தமாகச் செய்த கேம்களை யாரும் வெளியிடக்கூடிய இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றினேன். நான் முடித்த முதல் கேம் அது, இன்று வரை எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுவே.

இனி எஞ்சின். உங்கள் லேப்டாப்புக்கு கோடோ 4 என்பது என் கருத்து. ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இரண்டு அர்ஜென்டினாக்காரர்கள் செய்து 2014இல் எம்ஐடி உரிமத்தில், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற அனுமதியோடு, திறந்துவிட்டது. (குவாஸ்டியும் அர்ஜென்டினா. அந்த நாட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது.) இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம், ஒரு ஃபைலைத் திறந்தால் ஓடும். 4 ஜிபி ராமில் 2டி கேம் செய்யலாம், புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது கம்பாட்டிபிலிட்டி என்ற ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதி) தேர்ந்தெடுங்கள். அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தான் படித்தவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல பழைய கோடோ 3க்கானவை. பாடத்தில் கைனமேட்டிக்பாடி2டி என்று வந்தால் மூடிவிட்டு, கேரக்டர்பாடி2டி என்று வருகிற பாடத்தைத் தேடுங்கள். நான் இது தெரியாமல் இரண்டு வாரம் வீணாக்கினேன்.

யூனிட்டி திறமையான எஞ்சின், வேலைவாய்ப்பும் அதில் உண்டு. ஹாலோ நைட் அதில் செய்ததுதான். ஆனால் 2023 செப்டம்பரில், கேம் ஒவ்வொரு முறை இன்ஸ்டால் ஆவதற்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திருத்தினார்கள், ஒரு வருடம் கழித்து முழுக்க ரத்து செய்தார்கள். வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் கட்டணம், எனவே நம்மைப் போன்றவர்களை அது தொட்டிருக்காது. ஆனாலும் வருடக்கணக்கில் அதில் உழைத்தவர்கள் அந்த வாரம் பட்ட கவலையைப் பார்த்தேன். அடுத்தவர் பெயரில் கேம் செய்வதும், அடுத்தவர் நினைத்தால் விதிமுறையை மாற்றிவிடக்கூடிய எஞ்சினில் செய்வதும் எனக்கு ஒரே மாதிரிதான் தோன்றுகிறது. கோடோவின் அடுத்த பதிப்பு பிடிக்காவிட்டாலும் கையில் இருக்கிற பதிப்பை யாரும் பிடுங்க முடியாது.

கேம்மேக்கர் 2டிக்கு அருமையானது, அண்டர்டேல் அதில் வந்ததுதான். 2023 நவம்பரில் இருந்து விற்காத கேமுக்கு இலவசம். கதை படித்துக்கொண்டே தேர்வு செய்யும் வகை கேம் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், ரென்பை போதும். ஆர்பிஜி மேக்கரில் வரைபடம், உரையாடல், சண்டை எல்லாம் தயாராக இருப்பதால் போக்கிமான் மாதிரி கேம் சீக்கிரம் எழும்பும், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அன்ரியலை உங்கள் லேப்டாப் தாங்காது.

தமிழில் எழுத்து காட்டப் போகிறீர்கள் என்றால் கோடோ 4ஐ எடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. கோடோ 3இல் ‘கோழி’ என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து நிற்கும். ஆங்கிலம் மாதிரி ஒரு குறிக்கு அடுத்து இன்னொரு குறி என்று வைத்துக்கொண்டே போகும். நம் எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னால் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4இல் எழுத்துகளைச் சரியாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகத்தைச் சேர்த்தார்கள், தமிழ் ஃபான்ட்டைப் போட்டால் எல்லாம் சரியாக வந்தது. யூனிட்டியில் எழுத்து காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் அன்று இதற்கே நான் தனியாக மல்லாடினேன். காவல்காரி கேமில் ‘பொழுது விடிந்தது’ என்ற வரி முதல் முறை உடையாமல் திரையில் வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சத்தம் போட்டுப் படித்தார்.

சரி, உங்கள் போக்கிமானுக்கு வருவோம். 151 உயிரினம், எட்டு ஜிம் எல்லாம் இப்போது வேண்டாம். ஒரே ஒரு சண்டைத் திரை செய்யுங்கள். மூன்று உயிரினம், ஆளுக்கு இரண்டு தாக்குதல், நெருப்பு, நீர், புல் என்ற அந்த முக்கோணம் மட்டும். நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை, நீர் நெருப்பை. கேமின் உயிரே இந்த முக்கோணத்தில் இருக்கிறது, அதை எழுதும்போது எண்களை எப்படிச் சமன் செய்வது என்று கைக்கு வரும். படம் வரையாமல் வெறும் கட்டங்களாக வைத்தே ஆடிப் பாருங்கள். பிக்காச்சு என்று பெயர் வைக்க ஆசையாக இருந்தால் வையுங்கள், ஆனால் பெயரும் படமும் தனி ஃபைலில் இருக்கட்டும், புரோகிராம் கோடுக்குள் எழுதாதீர்கள். சண்டை ருசியாக வந்த பிறகு, உங்கள் ஊரில் நீங்கள் பார்த்த ஓணானோ கீரியோ மீன்கொத்தியோ அந்த இடத்தில் வந்து உட்கார அந்த ஒரு ஃபைலைத் திருத்தினால் போதும். மாலை இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒரு மாதத்தில் இது முடியும். முடிந்ததும் இங்கேயே பின்னூட்டத்தில் இணைப்பைப் போடுங்கள், நான் ஆடிப் பார்த்து நீளமாக எழுதுகிறேன்.