என்லார்ஜரைக் கழற்றிக் காரில் கொண்டுபோக: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிலிம் நெகட்டிவிலிருந்து பெரிய போட்டோ பிரிண்ட் போடும் கருவியான என்லார்ஜர், பழையது ஒன்றை வாங்கியிருக்கிறேன். சின்னக் கார்தான். எதை முதலில் கழற்றுவது?

ஸ்பேனரைத் தொடும் முன் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடட்டும். பிறகு நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். வயர் எந்த வழியாகப் போகிறது, எந்தப் போல்ட்டில் எத்தனை வாஷர் என்பதெல்லாம் இரண்டே நாளில் மறந்துபோகும்.

முதலில் லென்ஸ், அதைப் பிடித்திருக்கும் லென்ஸ் போர்டு, நெகட்டிவைப் பிடிக்கும் நெகட்டிவ் கேரியர். அப்புறம் பல்பு, பல்பு இருக்கும் மேல்பகுதியான தலை, அது ஏறி இறங்கும் தூண். தூண் நிற்கும் அடிப்பலகையான பேஸ்போர்டு கடைசியில். கழற்றிய போல்ட்டுகளை அந்தந்த ஓட்டையிலேயே திரும்ப முடுக்கிவிட்டால் ஒன்றும் தொலையாது.

கேள்வி: தலையைக் கழற்றுவது ஆபத்து என்கிறார்களே?

ஆபத்துதான். இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். தலை கனமானது. அதைச் சுலபமாக ஏற்றி இறக்குவதற்காகவே பல மாடல்களில் ஒரு ஸ்பிரிங் அதை எப்போதும் மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். தலை கீழே இருக்கும்போது ஸ்பிரிங் முழுக்க இழுபட்டிருக்கும். அந்த நிலையில் தலையை எடுத்துவிட்டால், அதைத் தாங்கித் தூணில் ஏறி இறங்கும் பாகமான வண்டி, தடுக்க ஆளில்லாமல் மேலே பாயும்.

நான் முதன்முதலில் கழற்றியபோது, குனிய வசதியாக இருக்கட்டும் என்று தலையைப் பாதி உயரத்தில் நிறுத்தினேன். பூட்டுத் திருகு தேய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கடைசிப் போல்ட் வெளியே வந்ததும் வண்டி படாரென்று மேலே போய் மோதியது. வார்ப்பு இரும்புத் தாங்கியில் முடி அளவுக்கு ஒரு விரிசல். ஒரு விநாடி முன்னால் என் முகம் அந்த வழியில்தான் இருந்தது.

ஆகவே தலையைத் தூணின் உச்சிவரை ஏற்றிப் பூட்டுங்கள். பூட்டை நம்பாமல் வண்டியைத் தூணோடு கயிற்றாலும் கட்டுங்கள். தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் போல்ட்டை எடுக்கட்டும். ஸ்பிரிங் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

கேள்வி: கழற்றாமல் முழுசாகவே படுக்க வைத்துக் கொண்டுபோகலாமா?

35 மி.மீ. பிலிமுக்கான சிறிய என்லார்ஜர் என்றால் முடியும். தலை கழலாதவரை ஸ்பிரிங்கால் தொல்லையில்லை. எனவே தலையைக் கீழே இறக்கிப் பூட்டி, கட்டிவிடுங்கள். லென்ஸும் பல்பும் தனியே வர வேண்டும். படுக்க வைக்கும்போது கனம் தூணின்மேல் விழட்டும், தலையின்மேல் அல்ல. பெரிய என்லார்ஜரில் இந்த ஆசை வேண்டாம். குலுங்கினால் தூணின் அடிப்பகுதி வளைந்துவிடும்.

கேள்வி: பல்பின் ஒளியை நெகட்டிவ்மேல் குவிக்கும் கண்டென்சர் கண்ணாடிகளை எப்படிப் பொதிவது?

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மெத்தென்ற துணியில். இரண்டு லென்ஸ் கொண்ட கண்டென்சரில் வழக்கமாகக் குவிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். எது மேல், எது கீழ் என்று மேலே சுற்றிய துணியில் எழுதி ஒட்டுங்கள். கலர் ஹெட் (கலர் பிரிண்டுக்கான தலை) என்றால் ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொட வேண்டாம். அந்தப் பல்புக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரைக் கீழே, காரின் தரையில் வையுங்கள்.

கேள்வி: காரில் எது எங்கே?

தலை பின் சீட்டில், சீட் பெல்ட் போட்டு. திடீர் பிரேக்கில் அது முன்னால் பறந்து வரக்கூடிய கனம். முன் சீட்டை மடித்தால் தூண் நீளவாக்கில் படுக்கும். லென்ஸ் கைப்பையில். வெயிலில் பூட்டிய காரில் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தியாயிற்று. பிரிண்டின் ஒரு ஓரம் மட்டும் மங்கலாக வருகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் லென்ஸ்மேல் தப்பிருக்காது. நெகட்டிவ், லென்ஸ் போர்டு, பேஸ்போர்டு மூன்றும் இணையாக இல்லை. ரசமட்டத்தை மூன்றிலும் ஒரே திசையில் வைத்துப் பாருங்கள். முழுக்க மட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை, மூன்றும் ஒரே அளவு காட்டினால் போதும்.

இன்னும் துல்லியம் வேண்டுமா? பேஸ்போர்டில் ஒரு கண்ணாடி, முகம் மேலே. ரசத்தில் சின்ன ஓட்டை சுரண்டிய இன்னொரு கண்ணாடியை நெகட்டிவ் இடத்தில் முகம் கீழாக வையுங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டை வழியே பார்த்தால் பிம்பத்துக்குள் பிம்பமாக வளையங்கள் தெரியும். ஒரு பக்கமாக வளைந்து போனால் இணை இல்லை. எல்லாம் ஒரே மையத்தில் வரும்வரை தூணின் அடியில் மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள். அதற்கு ஒரு மாலை முழுக்கப் போகலாம். போகட்டும்.