கீமோவுக்குப் பிறகு மகள் தடுக்கி விழுகிறாள்: வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.) சிகிச்சையில் கடினமான கட்டங்கள் முடிந்து இப்போது மெயின்டனன்ஸில் (நோய் திரும்பாமலிருக்க மருந்தைத் தொடரும் கட்டம்) இருக்கிறாள். நடந்தால் பாதம் ‘டப் டப்’ என்று தரையில் அறைகிறது. செருப்பு கழன்றுபோனால் தெரிவதில்லை. படியில் தடுக்கி விழுகிறாள். மாமியாரோ ‘உடம்பில் ரத்தமில்லாத பிள்ளை’ என்று இடுப்பிலேயே தூக்கி வைத்துக்கொள்கிறார். பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். கொடுக்காமல் விட்டால்தான் சிக்கல். இந்தச் சிகிச்சையில் தரும் வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி நீளமான நரம்புகளை முதலில் தாக்கும். உடம்பில் மிக நீளமானவை கால்விரல் வரை போகிறவை. பாதத்தை மேலே தூக்கும் தசை தளர்வதால் முன்பாதம் தொங்கிப் படியில் இடறுகிறது. உணர்ச்சி மங்குவதால் செருப்பு கழன்றது தெரிவதில்லை. கூடவே தரும் ஸ்டீராய்டு தொடைத் தசையை மெலியவைக்கும். தூக்கிக்கொண்டே இருந்தால் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும். பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். தரையில் உட்கார்ந்திருப்பவளை எழச் சொல்லுங்கள். தொடையில் கை ஊன்றித்தான் எழ முடிகிறதென்றால் தொடையில் பலம் குறைவு. பிறகு குதிகாலால் மட்டும் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முன்பாதம் தரையை விட்டு எழவே இல்லையென்றால் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்க்க வேண்டும்; பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் தேவைப்படலாம்.

கெண்டைக்கால் இறுகியிருந்தால் மற்ற பயிற்சிகள் பலன் தராது. அதனால் சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி 30 வினாடி நிற்கட்டும். காலுக்கு மூன்று முறை, தினமும். அடுத்து நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்தின் மேல் ஒரு துணிப்பொம்மையை வையுங்கள். குதிகாலை எடுக்காமல் முன்பாதத்தை மட்டும் சுண்டி அதை உங்கள் பக்கம் தள்ள வேண்டும். முதலில் பொம்மை அப்படியே சரிந்து விழும், பரவாயில்லை. முயற்சி செய்யும் தசை எதுவோ அதுதான் நமக்கு வேண்டும். தொடைக்கு, குட்டி ஸ்டூலில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது போதும்.

சமநிலைக்குப் பாண்டியை விட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் நொண்டி அடிப்பது இப்போது வேண்டாம். கட்டத்துக்கு ஒரு காலாக அடி வைத்து நடக்கட்டும். தடுமாறாமல் வந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒற்றைக்காலில் ஐந்து எண்ணும் வரை நிற்கட்டும். நீங்கள் கையெட்டும் தூரத்தில் இருங்கள். கண்ணை மூடி நிற்கும் பயிற்சியைக் கடைசிக்கு வையுங்கள். உணர்ச்சி மங்கிய கால்களுக்குக் கண்தான் துணை.

பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஸ்டீராய்டு நாட்களில் எரிச்சலும் அலுப்பும் இருக்கும். அப்போது பாதியாகக் குறையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம்.

நிறுத்த வேண்டிய நேரங்களும் உண்டு. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தால் விழ வாய்ப்புள்ள எதுவும் வேண்டாம். 20,000-க்குக் கீழே என்றால் டாக்டரைக் கேட்காமல் பயிற்சியே வேண்டாம். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நேரே ஆஸ்பத்திரி. இடுப்பு, முழங்கால் வலியோடு நொண்டினால் ‘பயிற்சி வலி’ என்று விடாதீர்கள். ஸ்டீராய்டால் எலும்புக்கு ரத்தம் போகாமல் சிதைவதுண்டு, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். காலையில் தலைவலியோடு வாந்தி, திடீரென்று கால் வலுவிழப்பது, சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றுக்கு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கால் மரத்துப்போகிறது என்றதும் மெடிக்கலில் ‘நரம்புச் சத்து மாத்திரை’ வாங்கிக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பல வைட்டமின் மாத்திரைகளில் ஃபோலிக் ஆசிட் இருக்கும்; மெத்தோட்ரெக்ஸேட் என்ற கேன்சர் மருந்தின் வேலையை அது குறைக்கக்கூடும். கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். அதேபோல, பூஞ்சைத் தொற்றுக்கான சில மருந்துகள் வின்கிரிஸ்டினின் பாதிப்பைக் கூட்டும். வேறு டாக்டர் எது எழுதினாலும் கேன்சர் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊசியை நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம். அளவைக் குறைப்பது அவர் முடிவு.

ரப்பர் செருப்பை மாற்றி, பின்பக்கம் பட்டை உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். தினமும் இரவில் பாதத்தில் காயமிருக்கிறதா என்று பாருங்கள். முள் குத்தினாலும் அவளுக்குத் தெரியாது. வின்கிரிஸ்டின் நின்றபின் நரம்பு தேற மாதக்கணக்கு ஆகும், சிலருக்குக் கொஞ்சம் குறை தங்கிவிடலாம். அவள் நடப்பதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மாதம் ஒருமுறை செல்போனில் வீடியோ எடுத்து, அடுத்த ஓ.பி.யில் காட்டுங்கள்.