கேபிளைப் பிடுங்கினால் கேட்வே ஏன் மாறவில்லை?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இரண்டு லேயர் 3 ஸ்விட்ச்கள் (ரூட்டிங்கும் செய்பவை) இருக்கின்றன. ஏ, பி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) 10, 20, 30 மூன்றுக்கும் விஆர்ஆர்பி (வெளியே போகும் வாசலான கேட்வே முகவரியை இரண்டு ஸ்விட்சும் பகிர்ந்து, ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும் முறை) போட்டு, ஏ-க்குப் பிரயாரிட்டி 110, பி-க்கு 100 கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் ஃபயர்வாலுக்குத் தனித்தனி கேபிள், தனித்தனி சப்நெட். இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு). ஏ-யின் பவரை அணைத்தால் நான்கு நொடிக்குள் பி எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஏ-யிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் கேபிளை மட்டும் பிடுங்கினால் எதுவும் மாறவில்லை, எல்லாருக்கும் இன்டர்நெட் போய்விடுகிறது. அணைத்த ஏ-யைத் திரும்ப ஆன் செய்யும்போதும் ஒரு நிமிடம் போல நெட் நிற்கிறது. பிரீயெம்ப்ட்டை (பிரயாரிட்டி கூடியது மாஸ்டர் பதவியைப் பிடுங்கிக்கொள்ள விடும் அமைப்பு) ஆஃப் செய்துவிட்டால் சரியாகுமா?

பதில்: ஆஃப் செய்யாதீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. பிரீயெம்ப்ட்டை அணைத்தால் இரண்டாவது மறைந்த மாதிரி இருக்கும், முதலாவதைத் தீர்க்கும் வழி அடைபட்டுவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விஆர்ஆர்பி எதைப் பார்க்கிறது என்பது தெளிவாக வேண்டும். மாஸ்டராக, அதாவது இப்போது கேட்வே வேலை பார்ப்பதாக, இருக்கும் ஸ்விட்ச் ஒவ்வொரு நொடியும் அந்த விலானுக்குள் 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு "நான் இருக்கிறேன்" என்று ஒரு சின்ன பாக்கெட் அனுப்பும், அவ்வளவுதான். பேக்கப் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று நொடியோடு கொஞ்சம் கூடுதல் நேரமும் கேட்காமல் போனால் தானே மாஸ்டர் ஆகிவிடும். அந்தக் "கொஞ்சம்" 256-இலிருந்து பிரயாரிட்டியைக் கழித்து 256-ஆல் வகுத்தது. பி-யின் பிரயாரிட்டி 100 என்பதால் 156-ஐ 256-ஆல் வகுத்தால் 0.61, ஆக மொத்தம் 3.61 நொடி. நீங்கள் பார்த்த "நான்கு நொடிக்குள்" இந்தக் கணக்குதான், அதில் தப்பு ஒன்றுமில்லை.

இப்போது ஃபயர்வால் கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகிறது? ஏ உயிரோடு இருக்கிறது, விலான் 10 இயங்கிக்கொண்டிருக்கிறது, அறிவிப்பும் நொடிக்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. பி-க்கு எந்தச் சந்தேகமும் வராது. உங்கள் பயனர்களின் பாக்கெட்டெல்லாம் ஒழுங்காக ஏ-க்கு வந்து சேர்ந்து, போக வழியில்லாமல் அங்கேயே செத்துப் போகிறது. கேட்வே முகவரி உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான் விஆர்ஆர்பி பார்க்கும், கேட்வேக்கு அந்தப் பக்கம் பாதை இருக்கிறதா என்று நாம் சொன்னால் ஒழியப் பார்க்காது.

அப்படிச் சொல்லும் வழிக்குப் பெயர் டிராக்கிங். ஃபயர்வால் கேபிள் இருக்கும் போர்ட் விழுந்தால் பிரயாரிட்டியில் இத்தனை கழி என்று ஏ-யில் எழுதி வைப்பது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிஸ்கோவில் எண் எதுவும் கொடுக்காமல் விட்டால் கழிவது 10. உங்கள் 110-இல் 10 போனால் 100, பி-யும் 100. சமமாக இருந்தால் பேக்கப் அசையாது, அது விதியிலேயே உள்ளது: வரும் அறிவிப்பின் பிரயாரிட்டி தன்னுடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் பேக்கப் தன் கடிகாரத்தைத் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிக்கொண்டு சும்மா இருக்கும். ஐபி முகவரி பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார் என்று படித்திருப்பீர்கள், அது இருவரும் ஒரே நேரத்தில் மாஸ்டராக நிற்கும்போது மட்டும். ஆகவே ஏ-க்கு 130, பி-க்கு 100, கழிவு 50 என்று தாராளமாக வையுங்கள்.

அடுத்தது பிரீயெம்ப்ட். ஏ-யின் பிரயாரிட்டி 80-க்கு இறங்கிவிட்டது. அந்த 80-ஐப் பார்த்து பி "என்னுடையது 100, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு உரிமை தருவதுதான் பி-யில் இருக்கும் பிரீயெம்ப்ட். அது ஆஃபில் இருந்தால், ஏ எவ்வளவு இறங்கினாலும், அறிவிப்பு வந்துகொண்டிருக்கும் வரை பி வாய் திறக்காது. நானே ஒரு முறை ராத்திரி பராமரிப்பு வேலையில் இப்படி "பாதுகாப்புக்காக" இரண்டு பக்கமும் பிரீயெம்ப்ட்டை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன், இரண்டு வாரம் கழித்து ஒரு ஃபைபர் அறுந்தபோது டிராக்கிங் எல்லாம் சரியாக வேலை செய்தது, பிரயாரிட்டி அழகாகக் குறைந்திருந்தது, டிராஃபிக் மட்டும் நகரவில்லை. விஆர்ஆர்பியில் பிரீயெம்ப்ட் இயல்பாகவே ஆனில் இருக்கும். இதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் சொந்த முறையான ஹெச்எஸ்ஆர்பியில் இயல்பாக ஆஃப். அதில் பழகிய கை இதற்கு வரும்போது குழம்புவது சகஜம்.

சரி, அப்புறம் ஏ திரும்ப வரும்போது நிற்கும் அந்த ஒரு நிமிடம். ஏ பூட் ஆனதும் அதன் விலான் இன்டர்ஃபேஸ்கள் சீக்கிரம் எழுந்துவிடும், 130 பெரியது என்பதால் உடனே பி-யிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆனால் ஃபயர்வால் பக்கத்து லிங்க், ரூட்டிங் எல்லாம் இன்னும் தயாராகியிருக்காது. பழைய ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்களுக்கு நடுவே சுழற்சி வராமல் தடுக்கும் முறை) ஓடினால் அந்த போர்ட் மட்டும் 30 நொடி எடுத்துக்கொள்ளும். ஆக, வழி தெரியாத ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்த கதை. இதற்கு மருந்து பிரீயெம்ப்ட்டை அணைப்பதல்ல, தாமதப்படுத்துவது. பெரும்பாலான ஸ்விட்ச்களில் பிரீயெம்ப்ட் டிலே என்று ஒன்று இருக்கும். ஏ எழுந்த பிறகு அதிலிருந்து ஃபயர்வாலுக்குப் பிங் போக எத்தனை நொடி ஆகிறது என்று ஒரு தடவை அளந்து, அதைப்போல இரண்டு மடங்கு வையுங்கள். 120 நொடி வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை, அந்த நேரம் முழுக்க பி வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது. ஒரு விஷயம்: இந்தத் தாமதம், ஏ-யின் காதில் பி-யின் அறிவிப்பு விழுந்தால்தான் பலிக்கும். டிரங்கில் விலான் 20-ஐ அனுமதிக்க மறந்திருந்து, வேறு ஸ்விட்ச் வழியாகவும் அது போய்ச்சேரவில்லை என்றால், ஏ-க்கு எதுவும் கேட்காது, இரண்டுமே மாஸ்டராக உட்கார்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஷோ விஆர்ஆர்பி (show vrrp) கட்டளையை அடித்துப் பாருங்கள், ஒரே விலானுக்கு இரண்டு இடத்திலும் மாஸ்டர் என்று வந்தால் டிரங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அடுத்து விஆர்ஆர்பியின் எண்ணான ஐபி புரோட்டோகால் 112-ஐத் தடுக்கும் ஏதாவது ஏசிஎல் (பாக்கெட்டை அனுமதிக்கும், தடுக்கும் விதிப் பட்டியல்).

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மேல்பக்கத்து கேபிள் அறுவதற்காக கேட்வேயை மாற்றுவது எனக்கு அவ்வளவு பிடிக்காது. ஏ-க்கும் பி-க்கும் நடுவே ரூட்டிங்குக்கென்று ஒரு தனி விலான் போட்டு, இரண்டு ஸ்விட்சும் ஃபயர்வாலும் சேர்ந்து ஓஎஸ்பிஎஃப் (பாதைகளைத் தாங்களே பரிமாறிக்கொள்ளும் ரூட்டிங் முறை) ஓட்டினால், ஏ-யின் கேபிள் போனதும் ஏ தானாகவே பி வழியாக அனுப்பிவிடும், விஆர்ஆர்பிக்கு விஷயமே தெரிய வேண்டாம், பயனர் பக்கம் எதுவும் அசையாது. ஓஎஸ்பிஎஃப் வேண்டாம் என்றால் ஸ்டாட்டிக்கிலும், அதாவது கையால் எழுதும் ரூட்டிலும், செய்யலாம், ஏ-யில் இரண்டாவதாக, டிஸ்டன்ஸ் (அதிகமானால் முன்னுரிமை குறையும் எண்) அதிகமாக வைத்து, பி-யைக் காட்டும் டிஃபால்ட் ரூட். ஆனால் பி-யிலும் அதே மாதிரி ஏ-யைக் காட்டி எழுதியிருந்தால், ஃபயர்வாலே விழும் நாளில் இரண்டும் ஒன்றை ஒன்று காட்டிக்கொண்டு, பாக்கெட் டிடிஎல் (ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறையும் எண்) தீரும்வரை பந்து மாதிரி போய் வரும். நெட்வொர்க் சாகாது, சிபியு ஏறும், பார்த்தால் பயமாக இருக்கும், அவ்வளவே.

ஃபயர்வாலையும் மறக்க வேண்டாம். திரும்பி வரும் பாதையை எழுதுவது அதுதான். உங்கள் மூன்று சப்நெட்டுக்கும் ஏ வழியாக முதல் ரூட், பி வழியாக இரண்டாம் ரூட் இருக்கிறது என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் பவர் சோதனையே தேறியிருக்காது. ஃபயர்வாலின் இரண்டு போர்ட்டும் ஒரே ஜோனில் (ஒரே விதிகள் பொருந்தும் தொகுப்பில்) இருக்கட்டும். ஏ-க்கான லிங்க் எழுந்தவுடன் ஃபயர்வால் பதிலை ஏ வழியாக அனுப்பத் தொடங்கும், கேட்வேயோ இன்னும் பி-யில் இருக்கும். அந்த இடைவெளியில், மூல முகவரியைக் கறாராகச் சோதிக்கும் அமைப்பு ஃபயர்வாலில் இருந்தால், பி-யிலிருந்து வருவதை "தப்பான வாசலில் வந்திருக்கிறாய்" என்று தூக்கி எறிந்துவிடும். அதைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

கேபிளுக்கு நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (செம்புக் கேபிளை ஃபைபருக்கு மாற்றும் பெட்டி) இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கம் அறுந்தாலும் உங்கள் போர்ட் பச்சை விளக்கோடு சிரித்துக்கொண்டிருக்கலாம். அப்போது போர்ட்டை நம்பாமல், ஃபயர்வாலின் உள்முகவரிக்குப் பிங் போகிறதா என்பதை டிராக் செய்யுங்கள். இன்டர்நெட்டில் இருக்கும் ஏதோ ஒரு முகவரியைப் பிங் செய்ய வேண்டாம், லைன் போனால் ஏ, பி இரண்டுக்கும்தான் போகும், மாறி என்ன பயன்.

சின்னச் சின்னது சில. விர்ச்சுவல் ஐபி (இரண்டும் பகிரும் கேட்வே முகவரி) பிங்குக்குப் பதில் தரவில்லை என்று பதற வேண்டாம், அந்த முகவரி எந்த ஸ்விட்சின் சொந்த முகவரியாகவும் இல்லாவிட்டால் பதில் சொல்லாமல் இருக்கும் சாதனங்கள் உண்டு. ஒரு கணினியில் ஏஆர்பி பட்டியலைப் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) பார்த்தால் போதும், கேட்வேக்கு 00-00-5E-00-01 என்று தொடங்கும் மேக் முகவரி இருந்து, கடைசியில் விஆர்ஆர்பி குழு எண்ணின் (அமைக்கும்போது கொடுத்த எண்) பதினாறடிமான வடிவம் வந்தால் (குழு 20 என்றால் 14) எல்லாம் சரி. வேறு மேக் தெரிந்தால் டிஹெச்சிபியில் (கணினிகளுக்கு முகவரி தானாகக் கொடுக்கும் சேவை) கேட்வேயாக ஏ-யின் சொந்த முகவரியைக் கொடுத்து வைத்திருக்கலாம். அதே விலானில் கார்ப் (விஆர்ஆர்பி போன்ற இன்னொரு முறை) ஓடும் ஃபயர்வால் ஜோடி ஏதாவது இருந்தால் குழு எண்ணை மாற்றிவிடுங்கள், அதுவும் இதே 112-ஐயும் இதே மேக் வரிசையையும்தான் பயன்படுத்துகிறது. நேரத்தை ஒரு நொடிக்குக் கீழே குறைக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், ஸ்விட்சின் சிபியு கொஞ்சம் திணறினாலே மாஸ்டர் பதவி அங்கும் இங்கும் தாவ ஆரம்பிக்கும்.

எல்லாம் மாற்றியபின் ஒரு கணினியில் வெளி முகவரி ஒன்றுக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டு, ஏ-யின் கேபிளைப் பிடுங்குங்கள், செருகுங்கள், பவரை அணையுங்கள், போடுங்கள். பிடுங்கும்போதும் அணைக்கும்போதும் மூன்று நான்கு பிங் தவறுவது கணக்குக்குச் சரி. செருகும்போதும் பவரைப் போடும்போதும் ஒன்றிரண்டுக்கு மேல் தவறினால் பிரீயெம்ப்ட் டிலேயை இன்னும் கூட்டிப் பாருங்கள்.