மகள் பேசட்டும், கிளினிக் கொப்பி உங்கள் கையிலேயே இருக்கட்டும்

கேள்வி: எலும்புப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியுள்ள என் 17 வயது மகள், இனிச் சுகப்படுத்த முடியாது என்று தெரிந்த பின்னர், பாடசாலைகளில் தற்கொலைத் தடுப்பு பற்றியும் புற்றுநோய் பற்றியும் பேச விரும்புகிறாள். அனுமதிக்கலாமா? ஒருவர் காணொளி எடுத்து நிதி திரட்டித் தருவதாகவும் கூறுகிறார்.
– ஒரு தந்தை, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அனுமதியுங்கள். வலி மருந்து வேளை தவறாமல் கிடைத்து, பேசும் விருப்பம் அவளுடையதாகவே இருக்கும்வரை தடுக்கத் தேவையில்லை. அயர்லாந்தின் டொனல் வோல்ஷ் இதே எலும்புப் புற்றுநோயுடன் தொலைக்காட்சியில் தற்கொலைக்கு எதிராகப் பேசியவர். 2013 இல், தனது 16 ஆவது வயதில் இறந்தார்.

ஆனால், "நான் வாழ ஏங்குகிறேன், நீங்கள் உயிரை எறிகிறீர்களே" என்ற ஒப்பீட்டை மகள் தவிர்க்கட்டும். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்கு அது குற்ற உணர்வையே கூட்டும். பயந்துபோன ஓர் இரவில் அம்மாவைத் தட்டி எழுப்பியதை அவள் சொல்லட்டும். தற்கொலை முறை எதையும் குறிப்பிடாமல், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இறங்கட்டும்.

ஒரு பாடசாலைக்கு மட்டும் போகவேண்டாம்: அண்மையில் மாணவர் ஒருவர் தற்கொலையால் இறந்த பாடசாலை. எவ்வளவு வருந்தி அழைத்தாலும், இறந்தவர் வேறு வகுப்பு என்றாலும், அஞ்சலி மட்டும் என்றாலும் மறுத்துவிடுங்கள். அங்கே முதலில் தேவைப்படுவது பிள்ளைகளைத் தனித்தனியே கவனிக்கும் மனநலக் குழு.

புற்றுநோயைப் பற்றி அவள் முழங்காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னாலே போதும். இரவில் எழுப்பும், வாரக்கணக்கில் தீராத வலியும் வீக்கமும் இருந்தால், விளையாட்டில் பட்ட அடி என்று முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் பூசிக்கொண்டிராமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

காணொளிக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்படி வருபவர்கள் முடி கொட்டிய தலையையும் தாயின் கண்ணீரையும் படம்பிடித்து, தங்கள் வங்கி இலக்கத்தைக் கீழே போட்டுப் பணம் சேர்ப்பதை நான் கண்டிருக்கிறேன். பிள்ளை போன பின்னும் அந்தப் படம் முகநூலில் பணம் கேட்டுக்கொண்டிருக்கும். கிளினிக் கொப்பியையோ அடையாள அட்டையையோ போனில் படமெடுக்கவும் விடாதீர்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

பாடசாலை அனுமதிதான் என்னைப் பொறுமை இழக்கச் செய்கிறது. முன்பொரு பிள்ளைக்காக நான் எழுதிய கடிதம் மேசை மேசையாகச் சுற்றி, அவள் இறந்து முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்த பிறகே பதிலாக வந்தது. ஆகவே கடிதத்தைத் தபாலில் போடாமல், திங்கட்கிழமை காலையே அதிபரை நேரில் சந்தித்து, நோயின் நிலையை மறைக்காமல் சொல்லி, அந்த வாரத்திலேயே ஒரு நாளைக் கேளுங்கள்.