"எப்படா முடியும் என்று இருக்கிறது, அம்மா!"

கேள்வி: காரைக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ஊர் புதுவயல். அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஐந்து செமஸ்டர் ஆசையாகப் படித்தேன், இந்த ஆறாவதில் எல்லாமே கசக்கிறது. ப்ராஜெக்டில் நாங்கள் நான்கு பேர், வேலை செய்வது நானும் இன்னொருத்தியும்தான். ஆவாரம்பூச் சாறு இரும்பை அமிலம் அரிக்காமல் தடுக்குமா என்பதுதான் தலைப்பு. ஜனவரியில் இரண்டு முறை எடுத்தபோது 82, 80 சதவீதம் தடுத்தது. கைடு மூன்றாவது ரீடிங் கேட்டார். மார்ச்சில் சாறு போட்டதை மட்டும் எடுத்தோம், 61 வந்தது. "81 என்று எழுதிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார்கள். ஒப்படைக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. இரண்டாம் வருட அலைடு பிசிக்ஸ் வேறு அரியர். ஃபேர்வெல்லுக்கு ஒரே மாதிரிப் புடவை எடுக்க 900 ரூபாய் கேட்கிறார்கள். தோழிகள் இப்போதே அழுகிறார்கள். எனக்கு அழுகையே வரவில்லை, எப்படா முடியும் என்றுதான் இருக்கிறது. இது தப்பா? வீட்டில் பரீட்சை முடிந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லலாமா என்கிறார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்:

மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை அந்த 61-இலேயே கண் நின்றுவிட்டது. நானும் வேதியியல் படித்தவள்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உன் கசப்பில் பாதி அந்த எண்ணில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

"மார்ச்சில் சாறு போட்டதை மட்டும் எடுத்தோம்" என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் சாறு இல்லாத வெறும் அமிலத்தில் இரும்புத் தகடு எவ்வளவு எடை இழந்தது என்பதற்கு ஜனவரியில் எடுத்த பிளாங்கைத்தான் (சாறு சேர்க்காமல் ஒப்பிட எடுக்கும் ரீடிங்கை) வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஜனவரிக் காலையில் உங்கள் லேப் எப்படி இருந்தது, மார்ச் மத்தியானத்தில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். நம் ஊர் வெயில் உனக்குத் தெரியாததா? பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இப்போது கணக்கைப் பார். ஜனவரியில் வெறும் அமிலத்தில் தகடு 100 மில்லிகிராம் இழந்தது, சாறு கலந்த அமிலத்தில் 19 இழந்தது என்று வைத்துக்கொள். தடுப்புத்திறன் 81 சதவீதம். மார்ச் வெப்பத்தில் அந்த 19 இரண்டு மடங்காகி 38, 39 என்று ஏறியிருக்கும். வெறும் அமிலத்தில் போட்ட தகடும் அதே வெப்பத்தில் கூடுதலாக இழந்திருக்கும். ஆனால் அதை நீங்கள் எடுக்கவில்லை, பழைய 100-ஐயே போட்டுவிட்டீர்கள். 100-இல் 39 போனால் 61. உன் எண்ணேதான்!

இதுதான் காரணம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் அடித்துச் சொல்ல முடியாது. எமரித்தாள் போட்டுத் தேய்த்தது சரியில்லாமல் இருக்கலாம், அசிட்டோனில் கழுவியபின் தகடு காயாமல் எடை போட்டிருக்கலாம். புதிதாகக் காய்ச்சிய சாறு பழையதைவிட நீர்த்தும் இருந்திருக்கலாம். சரிபார்க்க அரை நாள் போதும். ஒரே நாளில், ஒரே மேசையில், பிளாங்கையும் சாறு கலந்ததையும் சேர்த்து எடு. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள். நாளைக்கே கைடிடம் போய் நின்று கேள். லேப் கிடைக்கவில்லை என்று வந்தால்கூட 61-ஐ 61 என்றே எழுது. எந்த மாதம் எடுத்தது, பிளாங்க் எப்போது எடுத்தது, வெப்பநிலை மாறியிருக்க வாய்ப்பு உண்டு என்பதையெல்லாம் விவாதப் பகுதியில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடு. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வருகிற வெளித்தேர்வாளர் ஒரே மாதிரியான எண்களை எத்தனையோ ப்ராஜெக்டில் பார்த்திருப்பார். "இது ஏன் குறைந்தது?" என்று அவர் கேட்க உன் ப்ராஜெக்டில்தான் ஏதாவது இருக்கும், அதற்குப் பதில் சொல்லவும் உன்னிடம்தான் ஏதாவது இருக்கும்.

81 என்று எழுதினால் யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அப்படி எழுதிவிட்டால், மூன்று வருடப் படிப்பில் உனக்கு நீயே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஒரு விஷயத்தையும் அழித்துவிடுவாய். அதை எண்ணித்தான் எனக்கு மனசு பதறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலோகம் அரிக்கப்படுவதை, அதாவது அரிமானத்தை, ஆராய்வதில் பெயர் பெற்ற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் காரைக்குடியில்தானே இருக்கிறது! மின்வேதியியலுக்கு ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் வரப்போகிறது என்றதும் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதை இந்த வறண்ட பூமிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கே உள்ளவர்கள் இத்தனை வருடமாகக் கேட்டுவருகிற கேள்விகளில் ஒன்றைத்தான் புதுவயலிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, நம் மேட்டுக்காட்டில் பூக்கிற ஆவாரம்பூவை வைத்து, நீயும் கேட்டுக்கொண்டிருக்கிறாய். இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதே.

வேலை செய்யாத அந்த இரண்டு பேரைப் பற்றி. பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்ற கோபம் கடிதத்தில் வெளிப்படையாக இல்லை, வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. நியாயமான கோபம். ஆனால் பத்து நாள் இருக்கும்போது சண்டை பிடித்தால் அந்தப் பத்து நாளும் சண்டையிலேயே போய்விடும். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதே. நேரில் பார்த்து, "டைப்பிங், பிரிண்ட், பைண்டிங் உங்கள் இரண்டு பேர் பொறுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று தேதி வைத்துச் சொல். வைவாவில் ஆளுக்கு ஆள் தனியாகத்தான் கேள்வி வரும். அங்கே உனக்காக அவர்களும் பேச முடியாது, அவர்களுக்காக நீயும் பேச முடியாது.

அரியருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு எச்சரிக்கைதான். கடைசி செமஸ்டர் தேர்வுக்குப் பணம் கட்டும்போது அரியர் பேப்பருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டாயா என்று ரசீதை எடுத்துப் பார். அது விட்டுப்போனால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். அலைடு பேப்பர்தானே என்று கடைசியில் தள்ளாதே. தினமும் முதல் ஒரு மணி நேரம் அதற்கு, அப்புறம் மற்றவை.

சரி, இனி நீ தப்பா என்று கேட்டதற்கு வருகிறேன்.

தப்பில்லை. மூன்று வருடமாக விடியலில் எழுந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே படித்து, வீட்டில் யாருக்கும் புரியாத ஒன்றைத் தன்னந்தனியாகச் சுமந்து வந்த பெண்ணுக்கு எப்படா முடியும் என்று தோன்றாவிட்டால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். உனக்குப் படிப்பின் மேல் வெறுப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வெறுப்பிருந்தால் 61-ஐப் பற்றி இத்தனை வரி எழுதியிருக்க மாட்டாய். இது வெறும் களைப்பு. தோழிகளில் சிலருக்கு வீட்டில் பயம் இருக்கும், சிலருக்கு விடுதியை விட்டுப் போவதே பெரிய இழப்பாக இருக்கும். அவர்கள் அழட்டும். உனக்கு வரவில்லை என்றால் வரவழைக்காதே.

ஆனால் ஒரு விஷயத்தில் நீ ஏமாந்துவிடக் கூடாது. கடைசிப் பரீட்சை முடிந்து மணி அடித்ததும் நிம்மதி வந்துவிடும் என்று அந்த ஒரு நாளை நம்பிக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கு வராது. என் கதையைச் சொல்கிறேன்.

நான் தேவகோட்டைக்காரி. காரைக்குடிக்கு வந்து படித்தேன், அது 1980-களின் கடைசி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது பறப்பேன் என்று நினைத்திருந்தேன். தலைவலிதான் வந்தது. வீட்டுக்குப் போய் விழுந்தவள் மறுநாள் நாலரைக்கு எழுந்து புத்தகத்தைத் தேடினேன். அதற்கப்புறம் பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு துறையிலும் கையெழுத்து வாங்கும் நோ டியூ படிவத்தோடு அலைச்சல். நூலகத்தில் கையெழுத்து ஆயிற்று, விளையாட்டுத் துறையில் ஆயிற்று, லேபில் மட்டும் நான் ஒரு பியூரெட்டை (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) திருப்பித் தரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கொடுத்தேன் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அப்பாவிடம் பணம் கேட்கக் கூசி அம்மாவின் சிறுவாட்டுப் பணத்தில் கட்டினேன். இரண்டு வாரம் கழித்து அந்த பியூரெட் வேறு அலமாரியில் இருந்ததாகச் சொல்லியனுப்பினார்கள். பணம் திரும்பி வரவில்லை. அந்தக் கோபத்திலேயே ஒரு மாதம் போயிற்று. ராத்திரியில் வினாத்தாள் புரியாத கனவு.

பிறகு ஒருநாள் காலை, வைகாசி மாதம் என்று ஞாபகம், வீட்டு வளவில் உட்கார்ந்து அம்மா சுட்டுப்போட்ட வெள்ளைப் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி ஏதோ கதை சொன்னார். முழுதாகக் கேட்டுச் சிரித்தேன். தட்டைக் கழுவப் போகும்போதுதான் மணி பத்தரை என்று பார்த்தேன். எழுந்ததிலிருந்து அதுவரை ஒரு தடவைகூட நேரம் பார்க்கவில்லை. அடிவயிற்றில் மூன்று வருடமாக இருந்த ஒரு முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்றே தெரியவில்லை.

நிம்மதி அப்படித்தான் துண்டு துண்டாக வரும். ப்ராஜெக்ட் பைண்டிங் கைக்கு வரும்போது கொஞ்சம், வைவா முடிந்து வராந்தாவில் தண்ணீர் குடிக்கும்போது கொஞ்சம். அதையெல்லாம் கடைசி நாளுக்கென்று சேர்த்து வைக்காமல் அன்றன்றைக்கே அனுபவி. வைவா முடிந்த அன்று மத்தியானம் புத்தகத்தைத் தொடாதே. தோழியோடு கொப்புடையம்மன் கோவில் பக்கம் போய் ஒரு ரோஸ்மில்க் குடித்துவிட்டு வீட்டுக்குப் போ.

பரீட்சைக்குப் பிறகு வரும் அலைச்சலுக்கும் இப்போதே மனதைத் தயார் செய்துகொள். லேபில் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கிவிடு (என் பியூரெட்டுக்காகவாவது!). மதிப்பெண் பட்டியல்களில் உன் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பார். தவறிருந்தால் கல்லூரியில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடு. டி.சி.யை வாங்கியதும் நாலைந்து நகல் எடுத்துக்கொள்.

புடவைக்கு 900 கொடுக்காதே. உன்னிடம் இருப்பதில் அதே நிறத்துக்குப் பக்கத்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போ. படம் எடுக்கும்போது நடுவில் நில்.

வீட்டுப் பேச்சுக்கு அப்பாவின் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். நெல்லை ஊறவைத்து அவித்த சூட்டோடு யாராவது அரைக்கப் போடுவார்களா என்று அப்பாவைக் கேள். களத்தில் காயப்போட்டு, ஆறவிட்டுத்தான் மில்லுக்குள் விடுவார். அவசரப்பட்டால் அரிசி நொறுங்கிக் குருணையாகப் போகும் என்று உன்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "எனக்கும் ஒரு மாதம் ஆற வேண்டும் அப்பா, ரிசல்ட் வரும்வரை யாரையும் வரச் சொல்ல வேண்டாம்" என்று கேள். அம்மாவிடம் சொல்வதற்கு முன் அவரிடம் தனியாகச் சொல். மகளைப் படிக்க வைத்த மனிதர், இதைக் கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஒரு மாதத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம். ஆனால் முதுகலை விண்ணப்பங்களுக்குத் தேதி காத்திருக்காது, ஒன்றிரண்டு போட்டு வை. போட்டதனாலேயே போயாக வேண்டும் என்பதில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில்துறை வேதியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, ஒருநாள் நேரில் போய்ப் பேசிப் பார். நீ அரசுப் பள்ளியில் படித்து வந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவளாக இருந்தால், இந்தப் படிப்போடு அது நின்றுவிடும். மேலே படிப்பதென்றால் அந்தப் பணம் இல்லாமல் எப்படி என்பதையும் அப்பாவோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதிப் பார். கட்டணத்துக்கு அஞ்சித் தனியார் கல்லூரிகளை மட்டும் எண்ணி மலைக்காதே, அரசுக் கல்லூரிகளில் அதைவிட மிகக் குறைவு.

இன்று ராத்திரி நன்றாகத் தூங்கு. நாளைக் காலை முதல் வேலையாகத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போ. ஒரே நாளில் எடுத்த பிளாங்கை வைத்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு வருகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடு, காத்திருப்பேன்.