வாசகர் கேள்வி பதில்: குதிரை வண்டி ஊருக்குப் போகலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் எங்கட அக்கா குடும்பம் இந்தக் கோடை விடுமுறைக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு ஆட்களின் ஊரைப் பார்க்கப் போகினமாம். கரண்டும் இல்லை, காரும் இல்லை, குதிரை வண்டிதானாம். கஷ்டப்பட்ட சனத்தைப் போய் வேடிக்கை பார்க்கலாமா?
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாகப் போகட்டும் தங்கச்சி, கமராவை மட்டும் பைக்குள் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முகம் தெரியப் படமெடுப்பதை ஆமிஷ் ஆட்களில் பெரும்பாலானோர் விரும்புவதில்லை, அது அவர்களுடைய மத நம்பிக்கையோடு சேர்ந்த விஷயம். போர் முடிந்து ஏ9 வீதி திறந்த கையோடு பஸ் பஸ்ஸாக வந்து, கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று படமெடுத்து, அப்படியே தகரக் கொட்டிலுக்குள் சமைத்துக்கொண்டிருந்த எங்கள் சனத்தையும் எடுத்துக்கொண்டு போனார்களே, அந்த மனவருத்தம் எங்களுக்குத் தெரியாததா?

ஆனால் 'கஷ்டப்பட்ட சனம்' என்று நினைக்க வேண்டாம். 90களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காமல், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாய் எண்ணெய் விட்டு, அந்தத் திரி வெளிச்சத்தில் நாங்கள் படித்தது எங்கள் மேல் திணிக்கப்பட்டது. அவர்களோ கரண்டும் காரும் வேண்டாம் என்று தாங்களாகவே தீர்மானித்தவர்கள். ஒரு பொருள் வந்தால் குடும்பமும் அயலும் பிரிந்துபோகுமா என்று பார்த்து, ஒவ்வொரு சபையும் தனக்கு விதி வகுக்கிறது. அதனால் அரச மின்கம்பி வீட்டுக்குள் வராது, ஆனால் காஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி இருக்கும், சில இடங்களில் சோலரும் உண்டு. தொலைபேசி வீட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கொட்டிலில் இருக்கும், தேவைப்பட்டால் போய்க் கதைத்துவிட்டு வருவார்கள்.

பென்சில்வேனியாவில் ஆமிஷ் ஆட்கள் வாழும் லங்காஸ்ரர் பக்கம் சுற்றுலாவுக்கென்றே கட்டிய கடைகளில் பல ஆமிஷ் ஆட்களுடையவை அல்ல. பண்ணை வாசலில் மரக்கறி, ஜாம், கையால் தைத்த போர்வை வைத்திருப்பார்கள், அங்கே வாங்கினால் காசு அந்த வீட்டுக்கே போகும். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், ஒன்றும் விற்கமாட்டார்கள். வண்டிக்குப் பின்னால் செம்மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் காரை மெதுவாக்கச் சொல்லுங்கள், விபத்துகள் நடக்கிற வீதிகள் அவை.

அப்புறம், ஒன்ராறியோவில் சென்ற் ஜேக்கப்ஸ் சந்தைப் பக்கம் குதிரை வண்டியில் வருபவர்களை ஆமிஷ் என்று நம்மாட்கள் சொல்வதுண்டு. அவர்கள் பெரும்பாலும் பழைய முறை மெனனைற் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு ஆட்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அந்த வேரிலிருந்து 1693இல் யாக்கோப் அம்மான் என்பவரின் பின்னால் பிரிந்துபோனவர்களின் வழியில் வந்தவர்கள்தான் ஆமிஷ்.

கேள்வி: ஆமிஷ் ஆட்கள் பிள்ளைகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்துகிறார்களாமே, அது சரியா?
– ஒரு மாணவன், மாங்குளம்

பதில்: சட்டப்படி சரி. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே மத உரிமை என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எனக்கு உடன்பாடில்லை தம்பி. இடப்பெயர்வில் படிப்பு நின்றுபோன பிள்ளைகள் இல்லாத வீடு வன்னியில் குறைவு. பள்ளிக்கூடம் முடிந்ததும் ஆமிஷ் ஆட்கள் தச்சு, விவசாயம் என்று தொழில் பழக்குவது உண்மை, அது நல்ல விஷயம். ஆனால் நாளைக்கு வெளியே போய் வாழ நினைக்கிற பிள்ளையின் கையில் ஒரு சான்றிதழும் இருக்காது.